குளக்கரையில் ஒரு பிடி மண்

குளக்கரையில் இருந்த சாயப்பட்டறையை இடித்துப் பூங்கா ஆக்கியிருந்தார்கள். நடைபாதை, படகுத்துறை, நின்று படம் எடுத்துக்கொள்ள ஊர்ப்பெயரில் பெரிய எழுத்துகள். மாலையில் நல்ல கூட்டம். வாசலில் எனக்காகக் காத்திருந்த அந்தம்மாவின் கையில் ஒரு மஞ்சள் துணி இருந்தது.

அவருடைய கணவர் இந்தப் பட்டறையின் கழிவுத்தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கி, மூச்சுத் திணறி இறந்தவர். அன்று செய்தி எடுக்க வந்த நான் தொட்டியைப் பார்த்தேன். அந்தம்மாவை நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டதால் அவர் பார்க்கவில்லை. மறுநாளே பட்டறைக்குச் சீல் வைத்துவிட்டார்கள்.

இப்படிப் போனவரை, உயிர் பிரிந்த இடத்தில் ஒரு பிடி மண் எடுத்துக் கூப்பிட்டு வீட்டுக்கு அழைத்துப் போவது அவர்கள் குடும்பத்து வழக்கம். பூட்டிய கேட்டுக்கு வெளியே எடுத்த மண் சேராது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். அடுத்த வாரம் மகளுக்குக் கல்யாணம்.

"அவுரு இன்னும் இங்கதான் நிக்கறாருங்க. கூட்டிட்டுப் போகாம எப்படிங்க பந்தக்கால் நடறது? எடம் உங்களுக்குத்தானுங்க தெரியும்."

பழையதில் மதகு மட்டும்தான் மிச்சம். அதிலிருந்து கணக்கிட்டு நடந்தேன். தொட்டி இருந்த இடத்தில் ஊஞ்சல். கீழே ரப்பர் விரிப்பு, சுற்றிலும் சிமென்ட் கல். ஒரு குழந்தை ஆடிக்கொண்டிருந்தது.

பக்கத்துப் பூச்செடிப் பாத்தியில்தான் மண் தெரிந்தது. அது இந்த இடத்து மண் அல்ல. சாயம் ஊறியதை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, மதுக்கரைக்கு அப்பாலிருந்து லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டியது. அந்தச் செய்தியையும் நான்தான் எழுதினேன். பாராட்டித்தான் எழுதினேன்.

செடியைத் தொடக் கூடாது என்று காவலாளி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் வேறுபக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"வெரசா எடுத்துக்குங்க அம்மணி. கேமரா இருக்குது."

குனிந்தவர், மண்ணில் கை வைக்காமல் என்னைப் பார்த்தார்.

"இது அந்த மண்ணுதானுங்களே?"

"ஆமாங்க" என்றேன்.

ஒரு பிடி எடுத்துத் துணியில் முடிந்தார். "வாங்க, ஊட்டுக்குப் போலாம். புள்ளைக்குக் கல்யாணம்" என்றார், கடையில் நிற்கிறவரைக் கூப்பிடுவதுபோல. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் நேரே வாசலுக்கு நடந்தார்.

சூலூர் டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். முடிச்சை ஜன்னலோரம் வைத்து, தான் இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார். பஸ் கிளம்புமுன் கண்டக்டர் இலவச டிக்கெட்டை நீட்டினார். அந்தம்மா வாங்கிக்கொண்டு, சில்லறையை எடுத்து இன்னொரு டிக்கெட் கேட்டார். பெண்களுக்குக் காசில்லை என்றார் கண்டக்டர்.

"எனக்கில்லீங்க. அவருக்கு."

கண்டக்டர் ஜன்னலோரம் பார்த்தார். பிறகு சூலூருக்கு ஒரு டிக்கெட் கொடுத்தார்.