வெள்ளைப் பூ எந்தக் காமிராவுக்கு

எனக்கு எதையும் சட்டென்று முடிவு செய்துதான் பழக்கம். புடவைக் கடையில் முதலில் கைபட்டதை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். கூட வந்தவர்கள் இன்னொரு அடுக்கைப் பிரித்துப் போடச் சொன்னால் எரிச்சல் வரும். அப்படிப்பட்ட நான் ஒரு மழைக்காலம் முழுக்க இரண்டு காமிராக்களுக்கு நடுவே கிடந்து அல்லாடினேன் என்றால் என் வீட்டுக்காரரைத் தவிர வேறு யாரும் நம்ப மாட்டார்கள்.

நாங்கள் மலைமேல் தேவனூர் நாட்டுப் பக்கம். மிளகும் மரவள்ளியும் போக, கல்யாணம், காதுகுத்து, சீர் என்று படம் எடுப்பதும் எங்களுக்கு ஒரு தொழில். காமிரா என் வீட்டுக்காரர் கழுத்தில் இருக்கும், லைட் என் கையில் இருக்கும். ஒருமுறை வயசுக்கு வந்த ஒரு பெண்ணின் சீருக்குப் போயிருந்தோம். பெண்ணைப் பச்சை ஓலைக் குடிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அங்கே ஆம்பளைகள் போகக் கூடாது. அவர் காமிராவைக் கழற்றி என்னிடம் நீட்டி, "இதுல கண்ண வச்சுக்க, இத அமுக்கு, அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதான் என்று அவர் சொன்னது எனக்கு அவ்வளவாக இருக்கவில்லை. அந்தப் பெண் ஒரு நொடி வெட்கத்தை மறந்து, தலையில் குத்திய பூவைத் தொட்டுப் பார்த்தாள். நான் அமுக்கினேன். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு அந்த வீட்டில் மாட்டினார்கள். பிறகு சீர் வீடுகளிலிருந்து ஆள் வந்தால், "அக்காவயும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நேராகவே சொல்லிவிடுகிறேன், வேறு எதைவிடவும் பிடித்திருந்தது. ஆனால் சீர் முடிந்து அடுத்த வாரம் கல்யாணம் என்றால், காமிரா மறுபடியும் அவர் கழுத்துக்குப் போய்விடும், நான் லைட்டோடு நிற்பேன்.

அந்தப் பழைய காமிராவை மலையின் ஈரம் தின்றது. லென்ஸுக்குள் பூசணம் பிடித்தது. பட்டணத்துக்காரர்கள் அரிசிக்குள் போட்டு வைப்பார்களாம். எங்கள் வீட்டில் இருந்தது சாமைதானே என்று சாமை மூட்டைக்குள் புதைத்து வைத்தோம். ஈரம் போனதோ இல்லையோ, தவிடு நன்றாக உள்ளே போயிற்று. அதன் பிறகு அது எதை எடுத்தாலும் மூடுபனிக்குள் எடுத்த மாதிரியே இருந்தது. இங்கே பாதி நாள் மூடுபனி என்பதால் காமிரா கெட்டுவிட்டது என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு வெகுநாள் ஆயிற்று.

புதிதாக ஒன்று வாங்கியே தீர வேண்டும் என்றானபோது நாமக்கல் கடைக்காரர் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டும் போட்டிக் கம்பெனிகள். விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று லேசானது, திரையை வெளியே மடக்கித் திருப்பலாம், வீடியோவும் நன்றாக வரும். இன்னொன்று கனமானது, கைப்பிடி பெரியது, இருட்டில் நன்றாக எடுக்கும், சாரல் பட்டாலும் தாங்கும். பெயரும் எண்ணும் வாயில் நுழையாததால் நாங்கள் ஒன்றை லேசானது என்றும் மற்றதைக் கனமானது என்றும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஊருக்குத் திரும்பியதும் குழப்பம் ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. மிளகு விற்கச் சோளக்காட்டுச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் பஸ் நிற்கும் இடத்தில் பலாப்பழக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்ப்பேன். ஒருவர் லேசானதை ஆகா ஓகோ என்பார். அடுத்தவர் அதைத் தொடவே தொடாதீர்கள் என்பார். மூன்றாமவர் இரண்டையும் புகழ்ந்துவிட்டு, உங்கள் தேவையைப் பொறுத்தது என்று முடிப்பார். அவரை எனக்குக் கண்டாலே ஆகவில்லை. என் தேவை என்ன என்று தெரிந்தால் நான் ஏன் பலாப்பழ ஈக்களுக்கு நடுவே உட்கார்ந்து இவர் மூஞ்சியைப் பார்க்கிறேன்? பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது. காலையில் லேசானது, மத்தியானம் கனமானது, பஸ் ஏறும்போது எதுவுமே வேண்டாம் என்று இருக்கும்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கடையில் கனமானதை அவர் கையில் எடுத்தபோது அது அவர் கைக்கென்றே செய்தது போலப் பொருந்தியது. என் விரல் பொத்தானுக்கு எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. லேசானது என் கையில் அடங்கியது. அவர் கையில் அது பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. ஆக, கனமானது வந்தால் அது அவர் கழுத்துக்குப் போகும், நான் ஆயுசுக்கும் லைட் பிடிக்க வேண்டியதுதான். லேசானது வந்தால் அது என்னுடையது. இதை வெளியே சொல்ல முடியாமல், திரை மடங்குகிறது, வீடியோ நன்றாக வருகிறது என்று வேறு வேறு காரணங்களை அடுக்கினேன். அவரும் விடவில்லை. "இருட்டுல எடுக்கோணுமே புள்ள" என்று அந்த ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

கடைசியில் அம்மனிடம் பூ கேட்பது என்று முடிவாயிற்று. பெண் எடுப்பதற்கும் கிணறு வெட்டுவதற்கும் கேட்கிற வழக்கம்தான், காமிராவுக்குக் கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். எந்தப் பூ எதற்கு என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது, மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கமாகச் சின்னக் குழந்தை யாரையாவது எடுக்கச் சொல்வார்கள். அன்று குழந்தை யாரும் இல்லை, பூசாரியே எடுக்க வந்தார்.

"ரெண்டு பேரும் நல்லா நெனச்சுக்கிட்டீங்களா சாமி?"

"நெனச்சாச்சுங்க" என்றோம் இரண்டு பேரும் ஒரே குரலில்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மடிப்பைப் பிரித்தால் வெள்ளைப் பூ. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகமும் மலர்ந்துதான் இருந்தது. சரி, மனுஷன் தோற்றாலும் பெருந்தன்மையாக இருக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் பிரியம்கூட வந்தது. சோளக்காடு வரைக்கும் அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

பஸ் நிற்கும் இடத்துக்கு வந்ததும் அவர் கடைக்காரருக்குப் போன் போட்டார். "ஏனுங்க, அந்தக் கனமானதயே எடுத்து வச்சுடுங்க. நாளைக்கி வாரமுங்க."

நான் போனைப் பிடுங்கினேன். "வெள்ளைப் பூ வந்துச்சில்ல?"

"ஆமா, வந்துச்சு. அதான் சொல்றேன்."

"வெள்ளை லேசானதுக்குத்தானுங்க!"

"யாரு சொன்னா? கனமானதுக்கு."

பலாப்பழம் விற்கிற அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்தார். நல்ல பூ என்று வெள்ளையை அவரவருக்கு வேண்டியதுக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம், ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனுக்குள் கடைக்காரர் "அலோ, அலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். யார் மனசில் நினைத்ததற்கு அம்மன் பதில் சொன்னாள் என்று தெரிய வேண்டுமே. வந்த வழியே திரும்பிக் கோயிலுக்கு நடந்தோம். பூசாரி நடை சாத்திக்கொண்டிருந்தார்.

"மறுக்கா ஒருவாட்டி போட்டுப் பாக்கலாமுங்களா?" என்று நடந்ததைச் சொல்லிக் கேட்டேன்.

"ஒரே காரியத்துக்கு ரெண்டு தடவ கேக்கப்படாது சாமி. ஆத்தா சரியாத்தான் சொன்னா. நீங்கதான் ஒரு பூவுக்குள்ள ரெண்டு கேள்விய வச்சுட்டீங்க" என்று சொல்லிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு அடக்க முடியவில்லை. மிளகுக் கொடிகளுக்கு நடுவே நின்று கத்திவிட்டேன். "கனமானத வாங்குனா நீங்க கழுத்துல மாட்டிக்குவீங்க. நான் மறுக்கா லைட்டத் தூக்கிட்டு நிக்கோணும். அதுதான உங்களுக்கு வேணும்?"

அவர் அப்படியே நின்றார். நான் பேசியது அவருக்குப் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"நான் எதுக்குப் புள்ள மாட்டிக்கறேன்? நீதான எடுக்கப் போற?"

"எது, சீருக்கா?"

"எல்லாத்துக்குந்தான். நீ எடுத்த படத்தத்தான் செவுத்துல மாட்றாங்க, நான் எடுத்தத ஆல்பத்துல வச்சு மூடிப்போட்டர்றாங்க. எனக்கென்ன தெரியாதா? நீ போறதெல்லாம் சன்னல் இல்லாத ஊடு, ஓலைக் குடிசை. லேசானதுல அங்க எடுத்தா புள்ளி புள்ளியா வருது. உனக்கு நல்லா வரட்டும்னுதான் நான் மல்லுக்கட்டறேன்."

சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. "இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?"

"நீ கேட்டியா? மடக்கற திரை, வீடியோ, அது இதுன்னுதான் சொல்லிட்டிருந்த."

மறுநாள் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டையும் மேசைமேல் வைத்தார். என் வீட்டுக்காரர் "நான் டீ குடிச்சுட்டு வாரேன்" என்று சொல்லி வெளியே போய்விட்டார். அதுவரைக்கும் என் தலைக்கு மேலாக அவரைப் பார்த்தே பேசிய கடைக்காரர் முதல் தடவையாக என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எதுங்கம்மா?" என்றார்.

இந்தக் கேள்விக்காகத்தானே ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டேன். இப்போது கேட்டுவிட்டார். லேசானது எனக்குப் பிடித்திருந்ததா, இல்லை, அவருக்குப் பொருந்தாது என்பதால் மட்டும் பிடித்திருந்ததா? கனமானது பிடிக்கவில்லையா, இல்லை, அது அவருடையது என்று நானாக நினைத்துக்கொண்டேனா? லேசானதைக் கண்ணில் வைத்துக் கடைக்கு வெளியே பார்த்தேன். கனமானதை வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் அவர் டீக்கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வேண்டுமென்றே திரும்பாமல் நிற்கிறார் என்று தெரிந்தது.

கனமானதை வாங்கினேன். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மணிக்கட்டு வலிக்கிற நாளில் லேசானதை நினைத்துக்கொள்வேன். இருட்டு வீட்டில் ஒரு முகம் தெளிவாக விழுந்தால் மறந்துவிடுவேன். வெள்ளைப் பூ எதற்கு வந்தது என்ற கேள்வியும் அப்படியேதான் கிடக்கிறது.

அந்த மாதமே ஒரு கல்யாணம் வந்தது. முதல் தடவையாகக் காமிரா என் கழுத்தில், லைட் அவர் கையில். முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவரிடம் வந்து, "ஏனுங்க, போட்டோக்காரரு நீங்கதானுங்களா? குடும்பத்தோட ஒரு படம் வேணும்" என்றார்.

அவர் லைட்டை உயர்த்திப் பிடித்தபடியே என்னைக் காட்டினார். "நான் இல்லீங்க. அதா, அவங்கதானுங்க."

மாமா என்னிடம் வந்தார். குடும்பத்தை வரிசையாக நிறுத்தி நான் அமுக்கினேன். அவசரத்தில் படம் ஆடிப்போய்விட்டது. காமிரா கனம், அதனால்தான் என்று அவரிடம் சொல்லிவைத்தேன்.