ஆறு டிரம் சேறு

சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் நுரையக்கா, பட்டப்பகலில் காற்றை நிறுத்திவிட்டுத் தூங்குகிறாள் என்று ஒரு வதந்தி. அது டீக்கடையில் பிறந்து, வாசல் காவலாளியிடம் வளர்ந்து, முதலாளியின் மேஜைக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தத் தூக்கத்துக்குத் தலையணையும் போர்வையும் முளைத்திருந்தன. விசாரித்துப் பார்த்தால் பாதி உண்மை. காற்றை நிறுத்துகிறாள், தூங்கவில்லை. சொல்லப்போனால், காற்று நிற்கிற அந்த அரை மணி நேரம்தான் அவளுக்குக் கண் இமைக்கவும் நேரமில்லாத நேரம்.

தொட்டியில் மிதக்கும் நுரையைப் பார்த்தே கிருமிகளின் உடல்நிலையைச் சொல்லிவிடுவாள் என்பதால் வந்த பெயர் அது. வெள்ளை நுரை என்றால் பசி, பழுப்பு என்றால் சுகம், கரும்பழுப்பு என்றால் கிழடு தட்டிவிட்டது, கறுப்பு என்றால் ஓடு. துணி துவைத்த சாயத் தண்ணீரிலிருக்கும் அழுக்கைத் தின்று வாழும் கோடிக்கணக்கான ஜீவன்களுக்கு மூச்சு வேண்டுமே, அதற்காக மூன்று பெரிய புளோயர்கள் இரவும் பகலும் தொட்டியின் அடிக்குக் காற்றை ஊதிக்கொண்டிருக்கும். பதினோரு வருடம் அந்தச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியவள், வீட்டில் கணவனைக் கொஞ்சினாலும் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்.

கணவன் அதே பட்டறையில் சாய மாஸ்டர். அவர் அழுக்காக்கி அனுப்புவார், இவள் சுத்தமாக்கி வெளியே விடுவாள். குடும்பமென்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊர் சிரிக்கும்.

சிரிப்பு மாத முதல் தேதியில் நின்றது.

"தொட்டிக்கு ஆகிற கரண்ட்ல பாதிக்கு மேல புளோயரே தின்னுடுதும்மா" என்றார் முதலாளி. "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். கரண்டும் குறையணும், சுத்தம் பண்ண தண்ணியும் திரும்பப் பட்டறைக்கே வரணும். இல்லன்னா தொட்டிய மூடிட்டு, கழிவுத் தண்ணிய லாரில வெளிய அனுப்பிடுவேன். லாரிக்கு ஆபரேட்டர் வேண்டாம், டிரைவர் போதும்."

அவளுக்கு ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வந்தது. போன வருடம் கரண்ட் போய் ஒரு மணி நேரம் புளோயர்கள் ஊமையாகிவிட்டன. கிருமிகளெல்லாம் பரலோகம் போயிருக்கும் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தவள், மறுநாள் சோதனையில் தண்ணீர் முன்னைவிட நன்றாக இருந்தது கண்டு இன்னொரு தடவை சோதித்துப் பார்த்தாள். காற்று நின்றதும் அந்தக் கில்லாடிகள் சும்மா இருக்கவில்லை. தண்ணீரில் கரைந்துகிடந்த நைட்ரேட்டை உடைத்து அதிலிருந்த ஆக்சிஜனை எடுத்து மூச்சு விட்டிருந்தன. ஓசியில் மூச்சு, கூடவே சுத்தமும்!

முதலாளி கெடு வைத்த அன்றே ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் ஊதுவது, அரை மணி நேரம் நிறுத்துவது. நிறுத்திய நேரத்தில் ஆக்சிஜன் மீட்டரைத் தண்ணீரில் விட்டு, முள் இறங்குவதைப் பார்த்தபடி குனிந்தே நிற்பாள். தூரத்திலிருந்து பார்த்த காவலாளிக்கு அது தூக்கமாகத் தெரிந்திருக்கிறது. பதினைந்தாம் தேதி மின்மீட்டர்க் கணக்கில் புளோயர்களின் செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நோட்டைத் தூக்கிக்கொண்டு சாயக்கூடத்துக்கே ஓடினாள்.

"பாருங்க மாஸ்டர்! தண்ணியும் கண்ணாடி மாதிரி இருக்கு. உங்க சாயத் தொட்டில ஊத்திப் பாக்கலாமா?"

"அம்மா தாயே, அது நான் கழுவிக் கொட்டின தண்ணி. அதுலயே மறுபடியும் சாயம் போடச் சொல்றியா? வெளிர் நிறத்துல திட்டு விழுந்தா என் தொழிலே போச்சு."

"நீங்க கொட்டினதத்தான் நான் பதினோரு வருஷமா பொறுத்துக்கிட்டு இருக்கேன். நான் குடுக்கிறத நீங்க ஒரு நாள் பொறுத்துக்க மாட்டீங்களா?"

சாயக்கூடமே கைதட்டியது. மாஸ்டர் மட்டும் அசையவில்லை.

பதினெட்டாம் தேதி விதி, மேனேஜர் உருவத்தில் வந்தது. மறுநாள் விருந்தாளிகள் பட்டறையைப் பார்க்க வருகிறார்கள். பழுப்பு நுரை மிதக்கும் தொட்டி பார்க்க லட்சணமாகவா இருக்கிறது? நுரையக்கா சாப்பிடப் போயிருந்த இடைவெளியில், இரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றச் சொல்லிவிட்டார். கழிவறையைக் கழுவிய கையோடு இதையும் கழுவிவிட்டார், அவ்வளவுதான். அவள் திரும்பி வரும்போது தொட்டி பளிச்சென்று இருந்தது. சுடுகாடும் பளிச்சென்றுதானே இருக்கும்.

"நல்லாத்தானே இருக்கு? நாத்தம்கூட இல்ல" என்றார் மேனேஜர்.

"நாறுறதுக்கு உயிர் வேணும் சார்!"

அழுவதற்கு அவளுக்கு நேரமில்லை. குளோரினை முறிக்கும் உப்பை அள்ளிக் கரைத்து ஊற்றினாள். பிறகு அடுத்த தெருப் பால் தொழிற்சாலைக்கு ஓடினாள். அங்கே கழிவுநீர்த் தொட்டி பார்ப்பவரை எல்லோரும் பால் அண்ணன் என்பார்கள். குண்டு குண்டான, நன்றாகத் தின்று வளர்ந்த கிருமிகளை வைத்திருப்பவர். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"அண்ணே, விதைக்குக் கிருமிச் சேறு வேணும். கெட்டியா, உயிரோட."

"ஆறு டிரம் தரேன். ஆனா இது கடன்மா. சேறா வாங்குற, சேறாத் திருப்பித் தரணும்."

பாலும் வெண்ணெயும் தின்று வளர்ந்த பிள்ளைகளைச் சாயக் குடும்பத்துக்கு வாக்கப்பட வைப்பது லேசுப்பட்ட வேலையா? முதல் நாள் சாயத் தண்ணீர் ஒரு பங்கு, சர்க்கரைக் கரைசல் மூன்று பங்கு. மறுநாள் இரண்டுக்கு இரண்டு. கேன்டீன் சர்க்கரை மொத்தமும் தொட்டிக்குப் போனதால் பட்டறையே நான்கு நாள் கசப்பு டீ குடித்தது. மேனேஜருக்கு மட்டும் ஐந்து நாள். இருபத்தாறாம் தேதி காலை மூலையில் ஒரு கையகலத்துக்குப் பழுப்பு நுரை எட்டிப்பார்த்தது. அவள் போட்ட கூச்சலில் காவலாளி விசிலை விழுங்கப் பார்த்தார்.

மாதம் முடிய ஒரு நாள் இருக்கையில் மாஸ்டர் தாமாகவே இறங்கி வந்தார்.

"பேரு எழுதாம ரெண்டு குடம் கொண்டா. ஒண்ணுல உன் தண்ணி, இன்னொண்ணுல போர் தண்ணி. எது எதுன்னு எனக்குச் சொல்லக் கூடாது."

முதலாளி, மேனேஜர், பாதிப் பட்டறை எல்லோரும் சுற்றி நின்றார்கள். இருப்பதிலேயே வம்பு பிடித்த வெளிர்மஞ்சளைத்தான் மாஸ்டர் எடுத்தார். இரண்டு குடத்துத் தண்ணீரிலும் ஒவ்வொரு துண்டு துணி. அலசி, காயவைத்து, நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டிக்கடியில் மாதிரித் துணியோடு சேர்த்துவைத்துப் பார்த்தார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். நுரையக்காவுக்கு மூச்சு நின்றுவிட்டது. அரை மணி நேரம் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அது கிருமிகளுக்குத்தானே.

"இது லேசாத் திட்டு" என்று ஒன்றைத் தள்ளினார் மாஸ்டர். மற்றதைத் தூக்கிக் காட்டினார். "இதுதான் நிறம். தண்ணின்னா இப்படி இருக்கணும். இது போர் தண்ணி."

"தள்ளினதுதான் போர் தண்ணி" என்றாள் நுரையக்கா. சொன்னது தெருமுனை வரை கேட்டது.

தொட்டியைத் தாண்டிக் கடைசி வடிகட்டியில் உப்பு கழிந்த தண்ணீர், நிலத்தடி உப்புத் தண்ணீரை ஜெயித்துவிட்டது. முதலாளி சிரித்தபடியே மின்மீட்டர் நோட்டில் கையெழுத்துப் போட்டார். தொட்டி தப்பியது, அவளும் தப்பினாள். மாஸ்டர் காதைத் தேய்த்துக்கொண்டு, "நாளையிலேருந்து முதல் அலசலுக்கு உன் தண்ணிதான். வீட்டுல மட்டும் கொஞ்சம் மெதுவாப் பேசு" என்றார்.

மறுவாரம் பால் அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"என் ஆறு டிரம் எங்கம்மா?"

"எடுத்துட்டுப் போங்கண்ணே. ஆனா எல்லாம் இப்ப நீலமா இருக்கு."

அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். "ஐயையோ, என் பிள்ளைங்களா இது? எனக்கு வெள்ளைச் சேறுதான் வேணும். வாங்கின மாதிரியே குடு."

"சாயம் குடிச்சுப் பழகினது பாலுக்குத் திரும்புமாண்ணே?"

"அது உன் கஷ்டம். கடன் கடன்தான்."

காலி டிரம்கள் ஆறும் இன்னும் புளோயர் அறைக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கின்றன. ஒன்றின்மேல் உட்கார்ந்துதான் அவள் மீட்டர் பார்க்கிறாள். பால் அண்ணன் வாரத்துக்கு ஒருமுறை வருகிறார், நிறத்தைப் பார்க்கிறார், தலையை ஆட்டிவிட்டு, புளோயரை எத்தனை நிமிடம் நிறுத்துவது என்று மட்டும் கேட்டுக்கொண்டு போகிறார்.