தர்மினி தீத்திய சோறு

தர்மினி எனக்கு மச்சாள், என் கணவர் குகதாசனின் தங்கை. ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறாள். பனி கொட்டுகிற காலையில் மற்றவர்கள் காரை வெளியே எடுக்கவே யோசிப்பார்கள். அவள் நடுவில் மடங்குகிற நீளப் பஸ்ஸை ஏற்றத்தில் ஏற்றிக்கொண்டு போவாள். அப்படிப்பட்டவளைப் பார்த்து எங்கள் சனம் கேட்பது ஒரே கேள்விதான்: "ஏன் பிள்ளை கலியாணம் கட்டேல்லை?"

"நேரம் கிடைக்கேல்லை" என்பாள்.

அது பொய்யில்லை. கிடைத்த நேரத்தை எல்லாம் நாங்கள் எடுத்துக்கொண்டோம். கோடை விடுமுறை வந்தால் போதும், ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போகிறவர்கள் எல்லாரும் ஸ்டோவ்னரில் இருக்கும் அவளுடைய வீட்டுக் கதவைத் தட்டித் தங்கள் வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மீன்தொட்டிக்குத் தீனி போட வேண்டும், கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், வெள்ளிக்கிழமை சாமிக்கு விளக்கு வைக்க வேண்டும். ஒரு வீட்டுக் கிளி அவளுடைய குரலையே பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் திரும்பி வந்ததும் அவர்களையே பார்த்து "செருப்பைக் கழட்டுங்கோ" என்று அதட்டியதாம். எனக்கு அந்தக் கிளியை மிகவும் பிடிக்கும்.

இந்த வருடம் இளவேனிலில், பியோர்ண்டாலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து அவள் சொன்னாள். "நான் செப்டெம்பரிலை இத்தாலிக்குப் போறன், அண்ணை."

"ஆரோடை?"

"தனிய."

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. ஒரு நாய் இருக்கு."

குகதாசன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவள் விளக்கினாள். பயணம் போகிறவர்களின் வீட்டையும் பிராணிகளையும் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் இணையத்தளம் ஒன்று இருக்கிறது. சம்பளம் கிடையாது. அந்த வீட்டில் தங்கலாம், அவ்வளவுதான். உம்பிரியா என்ற மலைநாட்டில் ஊன்னி என்ற நோர்வேஜியப் பெண் தனியாக இருக்கிறார், ஓய்வு பெற்ற ஆசிரியை. பேர்கனில் இருக்கும் மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. அவர் அங்கே போய்வரும்வரை வீட்டையும் நாயையும் பார்க்க, நோர்வேஜிய மொழி தெரிந்த தர்மினியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

"சும்மா வேலை செய்யிறதுக்கு இத்தாலி வரைக்கும் போகோணுமோ?" என்றார் இவர்.

"சும்மா வேலை இஞ்சையும் செய்யிறன்தானே. அங்கை செய்தால் ஒலிவ் மரமாவது பாக்கலாம்."

"சனம் என்ன கதைக்கும்? நாய் பாக்கப் போறாள் எண்டெல்லோ சொல்லும்!"

எங்கள் மகன் நிதுசன் அன்றைக்கு லில்லெஸ்ட்ரோமிலிருந்து வந்திருந்தான். "ஸ்லாப் ஆவ், அப்பா, பதறாதேங்கோ" என்றான். "மாமிக்கும் ஃபேரியெ வேணும்தானே. அவ என்ன, ஒரு நாளும் லீவு எடுக்கக் கூடாதோ?"

இவர் கடைசி அம்பை எடுத்தார். "அப்ப நாங்கள் பாரிஸ் கலியாணத்துக்குப் போகேக்கை எங்கடை வீட்டை ஆர் பாக்கிறது?"

தர்மினி கைப்பையிலிருந்து எங்கள் வீட்டுத் திறப்பை எடுத்து நிதுசனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, தண்ணீர் குடித்துச் சமாளித்தேன். செப்டெம்பரில் நிதுசன் பார்த்த பார்வையில் கறிவேப்பிலைக் கன்று செத்தது வேறு கதை.

போய்ச் சேர்ந்த அன்றே எனக்குப் படம் படமாக அனுப்பினாள். குன்றின் மேலே கல்வீடு. சரிவு முழுக்க ஒலிவ் மரங்கள். கீழே தேவாலயமும் ஒரே ஒரு கடையும். தொலைபேசியில் அவளுடைய குரலே மாறியிருந்தது. "மச்சாள், விடிய எழும்பி ஒருத்தருக்கும் தேத்தண்ணி போடேல்லை. எனக்கு மட்டும் போட்டன். சூடாக் குடிச்சன்."

ஆனால் நாய் சாப்பிடவில்லை. ப்ரூனோ என்று பெயர். சுருட்டை முடியோடு, வயது போன பெரிய நாய். ஊன்னி போன பாதையைப் பார்த்தபடி படலையடியில் படுத்துவிட்டது. கிண்ணத்தில் தீனி வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கீழே ஊரிலிருந்து மிருக வைத்தியர் வந்து பார்த்து, நோய் ஒன்றும் இல்லை, ஏக்கம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். பேர்கனிலிருந்து ஊன்னி அழுதார். நாளைக்கும் சாப்பிடவில்லை என்றால் தான் திரும்பி வந்துவிடுவதாகச் சொன்னார்.

"மகளுக்கு எந்த நேரமும் நோ வரலாம், மச்சாள். அந்த மனிசி அதை விட்டிட்டு வரப்போகுது. நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வரவேண்டியதுதான். அண்ணை 'அப்பவே சொன்னனான்' எண்டுவார்." வாழ்க்கையில் முதல்முறை தனக்கென்று ஒன்றைக் கேட்டு எடுத்தவள் அவள். அது ஒரு நாயின் வாயில் போய் நின்றது.

மறுநாள் அவள் வெறும் சோறும் கோழியும் கரட்டும் உப்பில்லாமல் அவித்து, ஆறவைத்துக் கிண்ணத்தில் போட்டாள். ப்ரூனோ அசையவில்லை. அலுத்துப்போய் அதன் பக்கத்திலேயே நிலத்தில் குந்தினாள். கை தன் பாட்டில் கிண்ணத்துக்குள் போனது. சோற்றைக் குழைத்து உருட்டி அதன் வாய்க்கு நேரே நீட்டினாள். "ஆ காட்டு, ராசா."

ப்ரூனோ வாயைத் திறந்தது.

கையால் குழைத்து வாயில் ஊட்டுவதை நாங்கள் தீத்துவது என்போம். குழந்தைக்குத் தீத்துவோம், காய்ச்சல்காரருக்குத் தீத்துவோம், பரீட்சைக்குப் படிக்கிற தடியனுக்கும் தீத்துவோம். என் இரண்டு பிள்ளைகளுக்கும் பின்னால் ஓடி ஓடித் தீத்தியவள் தர்மினிதான். இப்போது இத்தாலிய நாயும் அந்தக் கைக்கு மடங்கிவிட்டது. அவள் காணொளி அனுப்ப, ஊன்னி பேர்கனிலேயே நின்றார். பேரன் பிறந்தான். நாங்களும் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஆரவாரம் செய்தோம். "கைராசி!" என்றார் குகதாசன், ஏதோ தானே அவளை அனுப்பிவைத்த மாதிரி.

அதற்குப் பிறகுதான் வினையே வந்தது. ப்ரூனோ கிண்ணத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. பசித்தால் தர்மினிக்கு முன்னால் வந்து உட்கார்ந்து வாயைத் திறக்கும். அவளுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. ஊன்னி திரும்பி வரும் நாள் நெருங்கியபோது, அந்தப் பெருமையோடுதான் விஷயத்தைச் சொன்னாள்.

ஊன்னி கோபிக்கவில்லை. இப்படிச் சொன்னாராம்: "தர்மினி, எனக்கும் வயது போகிறது. நான் ஒருநாள் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தால், பக்கத்துத் தோட்டக்காரர் வந்து கிண்ணத்தில் தீனி வைத்துவிட்டுத்தான் போவார். அப்போது இவன் பட்டினி கிடந்தே செத்துவிடுவான்."

அன்று பின்னேரம் தர்மினி என்னை அழைத்தாள். அவளுடைய குரலை அப்படி நான் கேட்டதேயில்லை. "பிழை விட்டிட்டன், மச்சாள். நானேதான் திருத்தோணும். கிண்ணத்தை வைச்சிட்டு வெளியிலை வந்திட்டன். நீங்கள் என்னோடை கதைச்சுக்கொண்டே இருங்கோ. இல்லாட்டி உள்ளுக்கை ஓடிப்போய்த் தீத்திப் போடுவன்."

நான் கதைத்தேன். வாய்க்கு வந்ததை எல்லாம் கதைத்தேன். பாரிஸ் கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டைக் குறை சொன்னது, எங்கள் மகள் வர்சா புது வேலைக்கு மனுப் போட்டது, செத்துப்போன கறிவேப்பிலை. எல்லாவற்றுக்கும் இடையில் நாய் ஊளையிடுவது கேட்டது. எனக்கே தாங்கவில்லை. ஒரு சீவன் பசியில் அழ, நாங்கள் பேசாமல் இருப்பதா? எங்களுக்கு அது பழக்கமே இல்லை.

"பாவம், ஒரு வாய் குடுக்கச் சொல்லும்" என்றார் பக்கத்தில் இருந்த குகதாசன்.

"நீங்கள் வாயை மூடுங்கோ" என்றேன். எத்தனையோ வருடமாகச் சொல்ல நினைத்த வசனம் அது. நாயின் புண்ணியத்தில் வெளியே வந்தது.

அன்றைக்கு ப்ரூனோ சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலையிலும் சாப்பிடவில்லை. அன்று பின்னேரம் அவள் மறுபடியும் ஒலிவ் மரத்தடியில் நின்று என்னுடன் கதைத்துக்கொண்டிருந்தாள். ஊளை நின்றது. நானும் பேச்சை நிறுத்தினேன். கல் தரையில் தகரக் கிண்ணம் உரசுகிற சத்தம் தொலைபேசியிலேயே கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு விடாமல்.

"சாப்பிடுறான்" என்றாள். பிறகு விம்மி விம்மி அழுதாள். சந்தோஷமா என்று கேட்டேன்.

"சந்தோசம்தான். ஆனால் நான் இனி அவனுக்குத் தேவையில்லை, என்ன?" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அதுதானே சரி" என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

ஊன்னி வந்து இறங்கியபோது ப்ரூனோ அவரிடம் பாய்ந்து ஓடியதாம். தர்மினியைத் திரும்பிப் பார்க்கவில்லையாம். அவருக்கு முன்னாலேயே கிண்ணத்தைத் துடைத்து வழித்துச் சாப்பிட்டதாம். ஊன்னி அவளைக் கட்டிப்பிடித்து, அடுத்த இளவேனிலுக்கும் வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார். "பாப்பம், இன்னொரு வீட்டுக்காரரும் கேட்டிருக்கினம்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம் எங்கள் மச்சாள். அந்தத் திமிர் அவளுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். வெயிலில் கறுத்து, கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, இறால் எல்லாம் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தன. நானும் அவளும் எங்கள் தட்டில் மட்டும் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டோம், கதை அவ்வளவு சுவாரசியம். குகதாசன் வழக்கம் போல வெறும் மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"அது சரி, நாயைக் கடைசியிலை எப்பிடித்தான் பழக்கினனி?" என்று கேட்டார்.

தர்மினி இறாலைக் கடித்துக்கொண்டே சொன்னாள். "தீத்திறது எனக்குக் கைவந்த வேலை, அண்ணை. இந்தக் குடும்பத்திலை எத்தினை பேருக்குத் தீத்தினனான், எத்தினை பேருக்குப் போட்டுக் குடுத்தனான். தானா எடுத்துச் சாப்பிட நான் பழக்கினது அந்த ஒரு நாயைத்தான்."

குகதாசன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் முன்னால் இருந்த வெறும் மேசையைப் பார்த்தார். கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்து அடுப்படிக்குப் போனார். ஒரு லாச்சி திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

"சிவமலர், அகப்பை எங்கை இருக்கு?"

இந்த வீட்டை நாங்கள் வாங்கியபோது நிதுசன் கைக்குழந்தை; அன்றிலிருந்து அகப்பை அதே லாச்சியில்தான் இருக்கிறது. நான் எழுந்திருக்கப் போனேன். என் மணிக்கட்டை தர்மினி பிடித்துக்கொண்டாள்.

"இருங்கோ, மச்சாள்" என்றாள். "நான் உங்களோடை கதைச்சுக்கொண்டிருக்கிறன்."