சன்னல் வைக்காத வீடு

நாகர்கோவில்ல வீடு தேடி அலையுற ஆளை ரோட்டுலயே கண்டுபிடிச்சிரலாம். அவன் நேரா பாத்து பைக் ஓட்டமாட்டான். கழுத்து ஒரு பக்கமா கோணிக் கெடக்கும், கண்ணு எவன் வீட்டு மாடியில 'வாடகைக்கு' போர்டு தொங்குதுன்னு தேடும். ஒரு மழைமாசம் முழுக்க நான் அப்படித்தான் திரிஞ்சேன். எதுக்க வந்த பால்காரர் ஒருத்தர் பிரேக் போட்டு நின்னு, "அண்ணாச்சி, ஒரு கண்ணையாவது ரோட்டுல வையும்"னு கும்பிட்டாரு.

நமக்கு ஊர் தேங்காய்ப்பட்டணம். கல்ஃபுல ஏசி மெக்கானிக்கா இருந்து, தலைமுடிய அங்க விட்டுட்டு, வயித்த மட்டும் சம்பாதிச்சுட்டு வந்தவன் நான். எம்பொண்டாட்டி நர்ஸு. நாகர்கோவில்ல புதுசா தொறந்த ஒரு ஆஸ்பத்திரியில அவளுக்கு வேலை கெடச்சுது. சந்தோசந்தான். ஆனா அடுத்த மாசத்துல இருந்து காலை டூட்டி. எங்க ஊர்ல இருந்து முதல் பஸ்ஸ பிடிச்சாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. லேட்டா வந்தா வேற ஆளப் போட்டுருவோம்னு அங்க சொல்லியாச்சு. அதுக்குள்ள வீடு கெடைக்கணும். பிள்ளைகள் ரெண்டும் வெளியூர்ல படிக்கதுனால, தேடுக வேலை முழுசும் என் தலையில.

அவ ஒரே ஒரு கண்டிசன்தான் போட்டா.

"குளிமுறி சின்னதா இருக்கட்டு. மாடி ஏறணுமா, ஏறுகேன். ஆனா டூட்டி முடிஞ்சு வந்தா எனக்கு ரெண்டு மீன் பொரிக்கணும். அதுக்கு எவன்கிட்டயும் அனுமதி கேக்கமாட்டேன்."

இதென்ன பெரிய காரியம்னு நினைச்சேன். நாலுவழிச்சாலை வந்தாலும் வந்துது, ஊருக்கு என்ன பிசாசு பிடிச்சுதோ, போன தடவை நெல்லு நின்ன வயல்ல இந்தத் தடவை ரெண்டாவது குறுக்குத்தெரு நிக்குது. இத்தனை வீடு கட்டியிருக்கானுவளே, நமக்கு ஒண்ணு இருக்காதா? இருக்கு. காலையில இருக்கும், சாயங்காலம் போனா அதுல ஒரு பொம்பளை துணி காயப்போட்டுட்டு நிப்பா.

ஒரு வீட்டுக்காரர், "சர்ச்சுல எந்த சபை?"ன்னு கேட்டாரு. சொன்னேன். "ஓ"ன்னாரு. பொறவு, மச்சினன் ஊர்ல இருந்து வாரான், அவனுக்கும் வீடு வேணுமாம்னு ஞாபகம் வந்துட்டு அவருக்கு. தோவாளைக்குப் போற வழியில ஒரு கல்ஃப்காரனோட வீடு. பாதி கட்டி நிக்குது. காசு வந்தா வேலை நடக்கும், வரல்லன்னா நிக்கும். சன்னலுக்கு கம்பி மட்டும் இருக்கு, கதவு இல்ல. காத்து ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் போகுது. அவன் தம்பிதான் காட்டினான். "தம்பி, இதுல மனுசன் இருப்பானா?"ன்னு நான் நக்கலா ஒரு சிரிப்புச் சிரிச்சுட்டு வந்துட்டேன். வாய் சும்மா இருக்காதே நமக்கு.

வெப்ராளம்னா அப்படியொரு வெப்ராளம், மனசு ஒரு எடத்துல நிக்காது. சோத்துல கைய வச்சா, இந்நேரம் எவனோ ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கான்னு தோணும். பாதி சோத்துல எந்திச்சுப் போவேன்.

கடைசியில ஒரு ரிட்டயர்டு டீச்சரோட மாடி கெடச்சுது. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிரலாம். டீச்சரம்மா நல்ல மாதிரி. "நாங்க சைவமாக்கும். நீங்க எங்க வேணும்னாலும் போய்ச் சாப்பிட்டுக்கிடுங்க, வீட்டுக்குள்ள மீனு கறி வைக்கக்கூடாது. சம்மதமா?"ன்னாங்க.

நான் உடனே, "மீனெல்லாம் எங்களுக்கு அவ்வளவு பழக்கமில்ல டீச்சர்"ன்னேன். தேங்காய்ப்பட்டணத்துக்காரன் சொல்லக்கூடிய பேச்சா அது? ஊருல எந்த மீனுக்காவது கேட்டிருந்தா வலைக்குள்ளயே சிரிச்சிருக்கும். எம்பொண்டாட்டிகிட்ட, "எல்லாம் பேசியாச்சு"ன்னு மட்டும் சொன்னேன். உள்ள போயிட்டா பொறவு பாத்துக்கிடலாம்னு ஒரு கணக்கு.

குடிபோற அன்னைக்கு அவளுக்கு டூட்டி. நான் சாமானோட டெம்போவுல வந்து எறங்கினேன். சாமான் எறக்கதுக்கு முன்ன பால் காய்ச்சணும், அதுக்குப் பொறவுதான் அட்வான்ஸ்னு பேச்சு. பால் காய்ச்ச புதுசா ஒரு எவர்சில்வர் பாத்திரம் வாங்கி வச்சிருந்தா அவ. அது கட்டிலுக்கும் பீரோவுக்கும் அடியில எங்கயோ போய்க் கெடக்கு. மேல கைக்கு வாக்கா ஒரு மண்சட்டி இருந்துது. நல்லா தேய்ச்சுக் கழுவி, வெயில்ல காயவச்சது. சட்டி சட்டிதானேன்னு அதுல பால ஊத்தி அடுப்பில வச்சேன். பொங்கி வந்துது. மோந்து பாத்தேன். நல்ல மணம், நம்ம வீட்டு மணம். நல்ல சகுனம்னு நினைச்சேன்.

டீச்சரம்மாவுக்கு டம்ளர்ல குடுத்தேன். ஒரு வாய் குடிச்சாங்க. அந்த வாய முழுங்கவும் இல்ல, துப்பவும் இல்ல. அந்நேரம் பாத்து எம்பொண்டாட்டி டூட்டி முடிஞ்சு யூனிபார்மோட மாடி ஏறி வாரா. அடுப்பப் பாத்தா, என்னையப் பாத்தா.

"இஞ்சேருங்க, மீஞ்சட்டியிலயா பால் காய்ச்சினீங்க?"

டீச்சரம்மா எப்படியோ முழுங்கிட்டாங்க. "பழக்கமில்லன்னு சொன்னாரே"ன்னாங்க.

"யாரு, இவரா? நாலு நாளு மீன் இல்லன்னா பூனை மாதிரி வீட்டச் சுத்துவாரு டீச்சர்."

பூமி பிளந்தா குதிச்சிருப்பேன், மாடியில நின்னதுனால அதுக்கும் வழியில்ல. டீச்சரம்மா கோவப்படல. டம்ளர கீழ வச்சுட்டு, "சரி, வந்துட்டீங்க. ஞாயித்துக்கெழமை மட்டும், சன்னலையெல்லாம் நல்லா அடச்சுட்டு வச்சுக்கிடுங்க"ன்னாங்க. அவங்க அவ்வளவு எறங்கி வந்ததே பெருசு. நான் சரின்னு தலையாட்ட ஆரம்பிச்சேன்.

"டீச்சர், உங்க வீடு, நீங்க சொல்லது நியாயம்"னா அவ. "ஆனா நாள் முழுக்க ஆஸ்பத்திரியில நின்னுட்டு வந்து, களவு செய்யது மாதிரி சன்னல அடச்சுட்டு ஒரு சாளை மீன பொரிக்க எனக்கு ஆகாது."

கீழ இருந்து டெம்போக்காரன் சத்தம் போட்டான்: "அண்ணாச்சி, எறக்கணுமா வேண்டாமா? எனக்கு அடுத்த சவாரி இருக்கு!"

"எறக்காதீங்க!"ன்னு அவதான் பதில் சொன்னா.

டெம்போவுல மூணுபேரு. டிரைவர், அவ, நடுவுல மீஞ்சட்டிய மடியில வச்சுட்டு நான். "எங்க போகணும்?"னான் டிரைவர். வீடு ஒண்ணும் இல்ல, வீட்டுச்சாமான் மட்டும் இருக்கு. விடிஞ்சா அவளுக்கு டூட்டி. அவ என்னையப் பாக்கல்ல, ரோட்டையே பாத்துட்டு இருந்தா. வேற வழியில்லாம, "தோவாளை ரோட்டுக்கு விடு"ன்னேன்.

கல்ஃப்காரனோட தம்பி என்னையப் பாத்ததும் வாய் நெறய சிரிச்சான். "என்ன அண்ணே, மனுசன் இருப்பானான்னு கேட்டியளே?"

"மனுசன் இருக்கமாட்டான் மக்கா. நாங்க இருப்போம்."

எம்பொண்டாட்டி வீட்டச் சுத்திப் பாத்துட்டு, "மீன் வைக்கலாமா?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டா. "சிமெண்டு வாடைக்கு அது நல்லதுதான் அக்கா"ன்னான் அவன்.

அன்னைக்கு சாயங்காலமே சாளை பொரிச்சா. தோவாளைக் காத்துக்கு சன்னல்கதவு இல்லாத வீட்டுல அடுப்பு நிக்குமா? நான் ஒரு அட்டப்பெட்டிய மறைவாப் பிடிச்சுட்டு நின்னேன். மணம் எந்தத் தெருவரைக்கும் போச்சோ தெரியாது. இப்பவும் அங்கதான் இருக்கோம். காத்துக்கு சன்னல்ல கட்டின சாக்கு படபடன்னு அடிக்குது. அவ நேரத்துக்கு டூட்டிக்குப் போறா, வாறா, பொரிக்கா.

போன வாரம் ஆசாரி வந்து சன்னல்கதவுக்கு அளவு எடுத்துட்டுப் போனான். அதுல இருந்து நான் பழையபடி பாதி சோத்துல எந்திக்கேன். சன்னல் வந்தா வீடு முழுசாகும். முழுசானா கல்ஃப்காரன் பால் காய்ச்ச வருவான்.

நேத்து அவள பைக்குல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது பின்னால இருந்து என் தலையப் பிடிச்சு நேரா திருப்பி வச்சா. "ரோட்டப் பாத்து ஓட்டுங்க"ன்னா.