எண்ணும்போது யன்னல் திறந்திருக்க வேண்டும்

கூனி இறால் காயும் வாசம். அதற்கு மேலே எல்லா யன்னல்களிலிருந்தும் ஒரே நேரத்தில் எழும் சத்தம்... எங்கள் ஊர் மீனவர் சங்கத் தேர்தல் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இவை இரண்டும்தான்.

பனிச்சங்கேணிக்குப் போகும் வழியில், வாவியை ஒட்டி ஒரு மண்டபம். வாக்கு எண்ணும்போது எல்லா யன்னலும் திறந்திருக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். உள்ளே ஒருவர் சீட்டைத் தூக்கிக் காட்டிப் பெயரை வாசிப்பார். வெளியே நிற்கும் சனம் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லும். தோற்பவன் தன் தோல்வியைப் பக்கத்து வீட்டுக்காரனின் வாயாலேயே கேட்டுவிடுவான். பிறகு சண்டை பிடிக்க விஷயம் இருக்காது.

ஜனநாயகம் பற்றி நான் பின்னர் வாசித்த தடித்த புத்தகங்கள் எதிலும் இந்த யன்னல் இல்லை.

அப்போது எனக்கு வாழைச்சேனையில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை. சங்கத்துக்கு வாக்குச் சீட்டு அடிப்பது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் வாக்கு இயந்திரத்துக்கு எதிராக நின்றதற்குக் கொள்கை மட்டும்தான் காரணம் என்று யாரும் அவசரப்பட்டு நம்பிவிடக் கூடாது.

ஒரு தேர்தலில் சங்கம் நவீனமாகியது. கொழும்பிலிருந்து ஒரு கம்பனிக்காரர் தொடுதிரை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். தலைவர் பதவிக்கு இருவர் போட்டி. ஒருவன் என் கூட்டாளி யோகன். மற்றவன் அவனுடைய மனைவியின் அண்ணன் நேசன். இருவரும் ஒரே தோணியில் தொழில் செய்பவர்கள். போட்டியில்லாமல் தலைவர் வரக் கூடாது என்பதற்காகத்தான் யோகன் பெயர் கொடுத்தான். வீடு வீடாகப் போய் "நேசன் மச்சானுக்குப் போடுங்க" என்று கேட்ட எதிர் வேட்பாளர் அவன் ஒருவன்தான்.

வாக்களிப்பில் ஒரு சின்னச் சிக்கல். வலை இழுத்து, உப்புத் தண்ணீரில் ஊறிக் காய்த்துப்போன விரல்கள் திரைக்குத் தெரியவில்லை.

"மெல்லத் தொடுங்க ஐயா."

"தொட்டுத்தானே நிக்கிறன்! இதுக்குக் கந்தோர்ல பேனை பிடிக்கிறவன்ட விரல்தான் வேணுமாமோ?"

சாரனில் துடைத்துத் துடைத்து அழுத்தினார்கள். கடைசியில் திரை 'நன்றி' என்றது. யாருக்கு விழுந்தது என்று சொல்லவில்லை. கேட்டதற்கு, அது இரகசிய வாக்கெடுப்பு என்றார்கள். போட்டவனுக்கே தெரியாமல் காப்பாற்றப்பட்ட இரகசியம்.

அன்று யன்னல்கள் பூட்டியிருந்தன. இயந்திரத்துக்குப் புழுதி ஆகாதாம். கண் மூடித் திறப்பதற்குள் முடிவு வந்தது.

யோகன் வென்றிருந்தான்.

மண்டப வாசலில் நேசன் அவனை மறித்தான்.

"என்ன மச்சான் செய்த நீ?"

"நான் ஒண்டும் செய்யல்ல. நானே உனக்குத்தான் போட்ட நான்."

"அப்ப எண்ணிக் காட்டு. நம்புறன்."

எண்ணுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் யோகன் அச்சகத்துக்கு வந்து நோட்டீஸ் அடிக்கச் சொன்னான். 'போட்ட வாக்கைக் கடதாசியில் காட்டுங்கள். எண்ணும்போது யன்னலைத் திறவுங்கள்.' அவ்வளவுதான். தன் வெற்றியைச் சரிபார்க்கச் சொல்லி வென்றவனே பிரசாரம் செய்ததை எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் கண்டதில்லை. சந்தையிலும் தோணித் துறையிலும் இருவருமாக நின்று கொடுத்தோம். வாங்கிய எல்லோருக்கும் ஒரே கேள்விதான்.

"அப்ப களவெடுத்தது ஆரு?"

"ஆரும் எடுத்த எண்டு நான் சொல்லல்ல அண்ணன். காட்டுங்க எண்டுதான் கேக்கிறன்."

அவன் யாரையும் குற்றம் சொல்லாததை ஒருவரும் மன்னிக்கவில்லை. மீன் விற்கும் அக்கா ஒருவர் நோட்டீஸில் திரளி மீனைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"வெண்டிட்டே இப்பிடி அழுறாய் மனே... தோத்திருந்தா வாவிக்குள்ளயா பாஞ்சிருப்பாய்?"

எல்லோரும் சிரித்தார்கள். யோகனும் சிரித்தான். பிறகு அடுத்த ஆளிடம் நோட்டீஸை நீட்டினான்.

நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. இயந்திரத்திடமே மறுபடி கேட்டார்கள். அது அதே முடிவைச் சொன்னது. இரண்டு தரமும் ஒன்றையே சொன்னபடியால் சரிபார்த்தாயிற்று என்று அறிவித்தார்கள்.

யோகன் பதவியை விட்டு விலகினான். "பாத்தியா, பயந்திட்டான்" என்றது ஊர். நேசன் தோணியில் தன் பங்கை விட்டுவிட்டு, தேற்றாத்தீவில் மகள் வீட்டோடு போய்விட்டான். சித்திரை வருசத்துக்கு யோகனின் மனைவி அங்கே பலகாரம் கொண்டுபோனாள். தங்கச்சியை உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, பிள்ளைகளைப் பற்றியெல்லாம் விசாரித்தானாம். யோகனைப் பற்றி மட்டும் கேட்கவில்லையாம்.

யாரும் களவெடுக்கவில்லை என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். காய்த்த விரல் ஒரு வரி கீழே வழுக்கியிருக்கலாம்... இருக்கலாம்தான். அதைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

போன மழைக்காலத்தில் நேசன் காலமானான். செத்த வீட்டுப் பந்தலில் யோகன் ஓரமாக ஒரு கதிரையில் இருந்தான். யாரோ கொடுத்த கோப்பியை ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தான்.

இப்போது மண்டபத்தில் ஏசி பொருத்தியிருக்கிறார்கள். தேர்தல் முடிவு போனுக்கே வருகிறது. வென்றவனும் தோற்றவனும் தங்கள் தங்கள் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்கிறார்கள். முன்பு தோல்வியைச் சொல்ல ஒரு ஊரே வேண்டியிருந்தது.

போன கிழமை புது நிர்வாகம் என்னைக் கூப்பிட்டது. இனி ஒவ்வொரு வாக்குக்கும் கடதாசிச் சீட்டும் இருக்குமாம். யன்னலைத் திறந்து வைத்து, பெயரை வாசித்து எண்ணுவார்களாம். அச்சு வேலை பழையபடி எனக்குத்தான்.

யோகனிடம் போய்ச் சொன்னேன். கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டான்:

"பழசையும் எண்ணுவாங்களாமோ?"

சீட்டுக்கு மை வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.