கணினிக்குள் ஊற்றிய மழைத்தண்ணீர்

என் மருமகளின் கணினியை நாசமாக்கியவன் நான். அதைத் தொடவே இல்லை என்று பொய் சொல்லி, பழியை ஒரு மெக்கானிக்கின் தலையில் போட்டவனும் நான். முதல் காரியத்தை அசட்டுத்தனம் என்று தள்ளிவிடலாம். இரண்டாவதை நினைத்தால் இன்றைக்கும் வாயில் கசப்பு ஊறுகிறது.

காரைக்குடியில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மருமகள் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறாள். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஊரிலுள்ள நாலைந்து ஸ்டுடியோக்காரர்கள் தாங்கள் எடுத்ததை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார்கள். கண்டனூர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளில் நாள்கணக்கில் நடந்த கல்யாணத்தை இரண்டரை மணி நேரமாக இவள் சுருக்கித் தரவேண்டும்.

ஒரு சித்திரை மாதம் அந்தக் கணினி திணற ஆரம்பித்தது. பாதி வேலையில் சூடேறித் தானாக அணைந்துவிடும். மருமகள் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். நாற்பது வயதைக் கடந்தவர், டிப்ளமோ படித்தவர். பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னக் கடை. ஊரில் எல்லா ஸ்டுடியோக்காரர்களின் கணினிகளும் அவர் கையில்தான் இருந்தன. அந்த நம்பிக்கைதான் அவருக்குப் பிழைப்பு.

அவர் பக்கத்து மூடியைக் கழற்றினார். பிராசசர் மேலிருந்த விசிறியின் இடுக்குகளில் தூசியும் தலைமுடியும் அடுப்படிப் பிசுக்கும் சேர்ந்து கனமான துணி மாதிரி படிந்திருந்தன. அதற்குள் ஒரு பல்லி செத்துக் காய்ந்து கிடந்தது. அவர் அதையெல்லாம் பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, இதைவிடப் பெரியதாகச் சூட்டை வாங்கும் தகடும் விசிறியும் மாட்டினால் போதும், இந்த வேலைக்குத் தாராளம் என்றார்.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். முப்பது வருஷம் காலேஜில் இயற்பியல் நடத்தியவன் ஆயிற்றே. காற்றைவிடத் தண்ணீர் எவ்வளவு வெப்பத்தை வாங்கும் என்று ஆரம்பித்து, தண்ணீரைக் குழாயில் சுற்றவிட்டுக் குளிர்விப்பதுதான் அறிவாளி செய்கிற காரியம் என்பதுவரை ஒரு வகுப்பே எடுத்தேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சார், தண்ணி சூட்டை வாங்கிக்கிட்டு எங்குட்டு போகும்? கடைசில இந்த ரூம் காத்துலதானே கொண்டாந்து விடணும். அதுக்கும் ஃபேன்தான் சுத்தணும். ஃபேன் நின்னா நான் வந்து மாத்திப்புடுவேன். தண்ணி ஒழுகுனா மொத்தமும் போச்சு."

அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். அதை மருமகள் எதிரில் சொல்லிவிட்டாரே என்பதுதான் பொறுக்கவில்லை. டிப்ளமோவில் இதெல்லாம் நடத்தமாட்டார்கள் என்றேன். அவர் சிரித்துவைத்தார். மருமகள் தரையைப் பார்த்தாள். படித்த மனிதனின் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை, பல்லி கிடந்த அந்த அழுக்கைவிட அருவருப்பானது.

சாமான்களை ஆன்லைனில் நானே வாங்கினேன். பிராசசர் மேல் உட்காரும் கட்டி செம்பு. சூட்டைக் காற்றில் விடுகிற ரேடியேட்டர் அலுமினியம், அதுதான் மலிவு. மாட்ட வந்த மெக்கானிக் பார்த்ததும், இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. அப்படியானால் கூடவே வந்த பாட்டில் திரவத்தை மட்டும்தான் ஊற்றவேண்டும், அதில் அரிப்பைத் தடுக்கிற மருந்து இருக்கிறது, வேறு தண்ணீர் ஒரு சொட்டுக்கூட விடக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். அடியில் காகிதத்தை விரித்து ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, ஒழுகவில்லை என்று பார்த்தபிறகே மூடினார். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை.

சூடு முன்பைவிட ஐந்தாறு டிகிரி குறைந்தது. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். தூசியைத் துடைத்ததாலேயே அதில் பாதி குறைந்திருக்கும் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. சத்தமும் குறையவில்லை. விசிறிகளோடு தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்பின் முனகலும் சேர்ந்துகொண்டது.

ஐப்பசி மழையில், கணினிக்குள் இருந்த சின்னத் தொட்டியில் திரவம் கொஞ்சம் இறங்கியது. பாட்டில் காலி. மட்டமான சர்பத் மாதிரி இருந்த அந்த ரோஸ் நிறமும் எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. எங்கள் தெருவில் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அதனால் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையில் ஓட்டுச் சரிவில் வருவதைப் பித்தளை அண்டாவில் பிடித்து வேட்டியால் மூடிவைப்போம். அதற்குமேல் சுத்தமான தண்ணீர் கிடையாது என்பது இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லோருக்கும் உள்ள நினைப்பு. மருமகள் நாச்சியாபுரத்தில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். ரோஸ் திரவத்தை முழுக்க வடித்துவிட்டு, அண்டாத் தண்ணீரை நாலாக மடித்த துணியில் வடிகட்டி ஊற்றினேன்.

இரண்டு உலோகங்களைத் திரவத்தில் இறக்கினால் மின்கலம், அதில் ஒன்று கரையும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டவன் நான். அன்றைக்கு அது ஒரு நிமிஷம்கூட என் புத்தியில் உதிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் தாண்டி ஒரு காலையில் திரை கறுத்துப்போயிற்று. மருமகள் கண்டனூர்க் கல்யாணம் ஒன்றின் பாதி வேலையில் இருந்தாள். மெக்கானிக் வந்து திறந்தார். அலுமினியம் அரித்து ஊசித் துளைகள் விழுந்து, தண்ணீர் போர்டு முழுக்கச் சொட்டியிருந்தது. குழாயைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் மக்கில் வடித்தார். பச்சைப் பாசி, அதற்கு நடுவே சளி மாதிரி வெள்ளைக் குழகுழப்பு. கோயில் பூ ஜாடியில் வாரக்கணக்கில் அழுகிய தண்ணீரின் நாற்றம் அறையை நிறைத்தது. மருமகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"யாராச்சும் தண்ணி மாத்துனீகளா, சார்?"

"யாரும் தொடல. நீங்க மாட்டுனது மாட்டுனபடியே இருந்துச்சு."

அவர் மக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அதைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் கொட்டினார்.

மருமகள் என்னை நம்பினாள். நான் சர்ச்சில் ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவன், ஏன் நம்பமாட்டாள்? மெக்கானிக் என்னத்தையோ ஊற்றி மாட்டிக் கெடுத்துவிட்டார் என்று ஸ்டுடியோக்காரர்களிடம் ஆத்திரத்தில் சொல்லிவிட்டாள். மூன்று ஸ்டுடியோக்கள் அவரிடம் போவதை நிறுத்தின. அவர் சண்டைக்கு வரவில்லை. நான் தட்டில் சோற்றைப் பிசைந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

தவக்காலத்தில் சர்ச் சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் சில ஜெபங்களைச் சொல்லச் சொன்னார். பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு வெளியே வந்தபோது, இத்தனை சுலபமாகத் துடைத்துக்கொள்ளப் பார்த்த என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. கெட்டுப்போன பெயர் அந்தக் கடையில் அப்படியேதான் இருந்தது.

ஈஸ்டர் பாஸ்காவுக்கு அடுத்த நாள் மருமகளிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. கணினியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என் வாயால அந்த மனுஷனைப் பேச வச்சீகளே, மாமா."

அன்றைக்கே மூன்று ஸ்டுடியோக்களுக்கும் அவளே போன் போட்டு, தப்பு எங்கள் வீட்டில்தான் என்று சொன்னாள். நான் மெக்கானிக்கின் கடைக்குப் போனேன். யாரோ ஒரு வாடிக்கையாளர் நின்றிருந்தார். அவர் போகட்டும் என்று முதலில் காத்திருந்தேன். அதுவும் ஒரு கோழைத்தனம் என்று பட்டது. அவர் இருக்கும்போதே சொன்னேன்.

மெக்கானிக் தலையைத் தூக்கவில்லை.

"அது மழைத்தண்ணின்னு அன்னைக்கே தெரியும், சார். எங்க வீட்டுலயும் அண்டா இருக்கு."

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா யாரு நம்புவாக? நீங்க காலேஜு வாத்தியாரு. நான் டிப்ளமோ."

மன்னிக்கவேண்டும் என்றேன். "சரி, சார்" என்றார். மன்னித்ததாக அதற்கு அர்த்தம் இல்லை. கையிலிருந்த வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு ஸ்டுடியோக்கள் அவரிடம் திரும்பின. மூன்றாவது திரும்பவில்லை. உண்மை தெரிந்தும், வேறு ஆள் பழகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

மருமகள் புதுக் கணினிக்குத் தகடும் விசிறியும் போதும் என்று அவரையே கூப்பிட்டாள். இரண்டு கோடை ஓடிவிட்டது, ஒரு தடவைகூட அது அணையவில்லை. மாட்ட வந்த அன்று நான் முன்னறை வாசலில் நின்றேன். அவர் மூடியில் கைவைத்தார், பிறகு எடுத்துக்கொண்டார். மருமகளிடம்தான் பேசினார்.

"தங்கச்சி, சார் கொஞ்சம் அங்குட்டு இருக்கட்டும். மூடிட்டுக் கூப்புடுறேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தூசி தட்ட வருகிறார். அவர் வண்டிச் சத்தம் கேட்டதுமே நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன். மூடியபிறகு அவர் என்னைக் கூப்பிட்டதில்லை.