செவுளைக் காட்டு

ஊரூர் குப்பத்து ஜான்சி ஒருநாள் நண்டுக் காலைக் கடித்த சத்தத்தில், இடி விழுந்ததென்று பயந்து ஒரு கப்பல் துறைமுகத்துக்கே திரும்பிப் போய்விட்டது. பெசன்ட் நகர் மாதா கோயில் மணி தானாக அடித்தது. அடையாற்று முகத்துவாரத்து நண்டெல்லாம் பெண்டாட்டி பிள்ளைகளோடு பாலவாக்கத்துக்கு வீடு மாற்றிக்கொண்டு போயின. இதை எழுதுகிறவன் அவள் தம்பி ஆரோக்கியராஜ், ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, புளுகை மட்டும் விடாதவன். ஆகவே கப்பலையும் மணியையும் கழித்துக்கொள்ளலாம். கடித்தது நிஜம்.

ஜான்சிக்கு இருபத்துநாலு வயசு. பிறக்கும்போதே டவுன் சிண்ட்ரோம். கைக்குழந்தையில் நெஞ்சைத் திறந்து ஓட்டையை அடைத்தார்கள். பல் முளைக்கவே வெகுநாள் ஆனது. முளைத்ததும் சின்னச் சின்னதாக, தள்ளித் தள்ளி உட்கார்ந்தன. சிலது வரவே இல்லை. ஆனால் ஒரு சொத்தை கிடையாது. தம்பிக்குத்தான் கடைவாய் முழுக்கச் சொத்தை.

"மிட்டாய ரெண்டு புள்ளைங்களும்தான் துன்னுச்சிங்கோ. எம் பொண்ணு பல்ல பாருங்கோ, முத்தாட்டம் கீது" என்று அம்மா தேசம்மா மீன் வாங்க வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வாள். ஜான்சியும் வாயைத் திறந்து காட்டுவாள். ஈறு செக்கச்செவேல் என்றிருக்கும்.

தேசம்மாவுக்கு அதில் இன்னும் பெருமை. மீன்காரிக்குச் சிவப்பென்றால் புதுசு. செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவந்திருந்தால் காலையில் வந்த மீன், வெளுத்திருந்தால் நேற்றைய ஐஸ் மீன். பல் தேய்க்கும்போது ஜான்சி துப்பிய எச்சிலில் ரத்தம் வந்தால்கூட, "ரத்தம் ஜாஸ்தி அவளுக்கு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். அது சீக்கு என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கடையில் செவுளைத் தூக்கிக் காட்டுவது ஜான்சியின் வேலை. "இப்பத்தான்கா போட்லேந்து எறக்குனது" என்று தேசம்மா சத்தியம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே, ஜான்சி செவுளைத் தூக்கி, "நேத்து" என்பாள். தேசம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஜான்சி ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் இல்லை. கன்னத்தில் பஜ்ஜியை அடக்கிக்கொண்டே "நான் துன்னல" என்பவள்தான். ஆனால் மீனில் மட்டும் பொய் கிடையாது. அதற்காகவே அந்த மீன் பலகைக்கு முன்னால் கூட்டம் நின்றது.

மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின மாதம் ஜான்சி நண்டைத் தள்ளி வைத்தாள். சோற்றையும் மெல்லாமல் விழுங்கினாள். ஆரோக்கியராஜ் செல்போன் வெளிச்சத்தில் வாயைப் பார்த்தான். கீழ்வரிசையில் முன்பல் ரெண்டும் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தன.

அவளை வீட்டில் விட்டு, வாயை மட்டும் வீடியோ எடுத்துக்கொண்டுபோய் தி.நகரில் ஜஹனாரா டாக்டரிடம் காட்டினார்கள். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பல்லுல ஓட்டை இல்லம்மா. பல்லைப் பிடிச்சிருக்கிற ஈறும் எலும்பும் அரிச்சிருக்கு. இவங்களுக்கு இது சின்ன வயசுலயே வரும். நெஞ்சு ஆபரேஷன் ஆனவங்க, ஈறுல இருக்கிற கிருமி நெஞ்சுக்குப் போயிடும், விடக்கூடாது. இந்த ரெண்டும் நிக்காது. மிச்சப் பல்லையாவது காப்பாத்தணும்." இதய டாக்டரையும் கேட்டு, வருகிற அன்றைக்கு முன்கூட்டியே போட வேண்டிய மாத்திரையை எழுதிக் கொடுத்தார். கடைசியாக, "என்ன பண்ணப்போறோம்னு அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிக் கூட்டிட்டு வாங்க. பயந்தா இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார்.

சொன்னால் வரமாட்டாள் என்று தேசம்மா பயந்தாள். "நீ சொன்னா நம்புவா நைனா, நீயே எதுனா சொல்லு" என்று மகன் தலையில் கட்டினாள். ஊரையே ஏமாற்றிப் பழகியவனுக்கு இதென்ன பெரிய விஷயம்?

"ஜான்சி, திருவிழாவுக்குச் சுடிதார் வாங்கப் போலாமா? ரங்கநாதன் தெரு."

"பச்ச?"

"பச்சையேதான்."

மாத்திரையைச் சத்து மாத்திரை என்று கொடுத்தான். அவள் பவுடர் போட்டு, பூ வைத்து, குப்பத்தில் எதிர்ப்பட்ட நாய்க்குக்கூட "பச்ச சுடிதார்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். தி.நகரில் இறங்கியதும் கடைகள் இருக்கிற பக்கம் அவளே தம்பியை இழுத்தாள். அவன் சந்துக்குள் திருப்பினான். வாசல் பலகையில் பல் படம் இருந்தது.

நாற்காலியில் உட்காரவைத்த பிறகு ஜஹனாரா கேட்டார்: "எல்லாம் சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிட்டேன் மேடம்" என்றான் ஆரோக்கியராஜ்.

ஜான்சி தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். கத்தியிருக்கலாம், எழுந்து ஓடியிருக்கலாம், டாக்டரும் நிறுத்தியிருப்பார். அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நம்பி அவள் வாயைத் திறந்தாள். மரத்துப்போக ஊசி, அப்புறம் ரெண்டு பல்லும் வெளியே. கத்தரிக்காய் காம்பைப் பிடுங்குவதுபோல் வந்துவிட்டன. வலித்திருக்காது என்றார்கள். வலித்தது எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

துணிக்கடையில் அவள் எதையும் தொடவில்லை. பச்சையை அவனே எடுத்தான். திரும்பும்போது பஸ்ஸில் அவனுக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தும், முன்னால் போய் யாரோ ஒரு பூக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து வாய் பூட்டு. சோற்றுக்குத் திறக்கும், அவ்வளவுதான். ரெண்டு வேளையும் மெல்லிய பிரஷ்ஷால் ஈறோரம் யாராவது தேய்த்துவிட வேண்டும், இல்லையென்றால் மற்ற பல்லும் ஆடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பிரஷ்ஷை ஜான்சி கூரை மேல் வீசினாள். தேசம்மா கெஞ்சினாள், திட்டினாள், மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். தம்பி திருவிழாக் கடையில் பிளாஸ்டிக் பேய்ப்பல் வாங்கி மாட்டிக்கொண்டு முன்னால் வந்து குதித்தான். எப்போதும் உருண்டு உருண்டு சிரிப்பாள். இந்தத் தடவை எழுந்து போய்விட்டாள். பேய்ப்பல்லோடு நடு வீட்டில் தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று நின்றவனுக்குத்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேசம்மா பூசைக்குப் போக, பலகையில் தம்பி உட்கார்ந்திருந்தான். வாரா வாரம் வருகிற சந்திரிகா அம்மா ஒரு சங்கரா மீனைக் காட்டி, "புதுசாப்பா?" என்றார்.

"இப்ப வந்ததுமா. இன்னும் துடிச்சிக்கினு கீது."

"உன் பேச்சு வேணாம். ஜான்சி காட்டட்டும்."

மூலையில் உட்கார்ந்திருந்தவள் மெல்ல எழுந்து வந்தாள். செவுளைத் தூக்கினாள். "நேத்து" என்றாள். பிறகு மீன் கையாலேயே தம்பியைக் காட்டினாள்.

"இவன் எனக்குக் காட்டல. செவுள காட்டல. சுடிதார்னு சொன்னான்."

சந்திரிகா அம்மாவுக்குப் புரியவில்லை. அவனுக்குப் புரிந்தது. நேற்றைய மீனைச் செவுளை மூடி விற்கிற மாதிரி, அன்றைக்குப் பல் டாக்டரை மறைத்துச் சுடிதாரை அக்கா தலையில் கட்டியிருக்கிறான். மண்டிபோட்டு, வாயைப் பிளந்தான். "இந்தா, பாரு."

ஜான்சி அவசரப்படவில்லை. கையைக் கழுவினாள். அவன் உதட்டைத் தூக்கினாள், ஈறை மீன் வயிற்றை அமுக்குவதுபோல் அமுக்கினாள், விரலை மோந்தாள். "நாத்தம்" என்றாள். சந்திரிகா அம்மா மீன் வாங்காமலே போய்விட்டார்.

சாயங்காலம் அவளே புது பிரஷ்ஷை எடுத்து நீட்டினாள். சட்டமும் அவளுடையதுதான். முதலில் அவன் காட்டணும், பிறகு அவள்.

அடுத்த தடவை தி.நகருக்குப் போகும் முன்னால் ஊசி, மிஷின் சத்தம், வாயில் பீச்சும் தண்ணீர், எல்லாவற்றையும் சொன்னான். நாற்காலியில் ஏறிய ஜான்சி டாக்டரை நிறுத்தி, "மொதல்ல நீ" என்றாள். ஜஹனாரா சிரித்துவிட்டு முகமூடியை இறக்கி வாயைத் திறந்தார்.

"செவப்பு இல்ல" என்றாள் ஜான்சி, சந்தேகத்தோடு.

"மீனுக்குத்தான்மா சிவப்பு. வாய்க்கு ரோஸ்."

இதை வீட்டில் வந்து சொன்னபோது தேசம்மாவின் முகம் விழுந்துவிட்டது. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் எதைத் திறந்து காட்டினோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மற்ற பல்லெல்லாம் இதுவரை நிற்கின்றன. பச்சை சுடிதார் இன்னும் கடைக் கவரிலேயே கிடக்கிறது. "மழ வருது" என்று தம்பி சொன்னால், ஜான்சி வெளியே போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுக்கிறாள்.

இதையெல்லாம் எழுதி அவளிடமே படித்துக் காட்டினான். கப்பலுக்குச் சிரித்தாள். நாற்காலி வந்ததும் சிரிப்பை நிறுத்தினாள். அவன் விடாமல் கடைசி வரியைப் படித்தான்: 'அன்று முதல் ஆரோக்கியராஜும் தினமும் ரெண்டு வேளை ஒழுங்காகப் பல் தேய்த்து வருகிறான்.'

"வாயத் தொற" என்றாள்.

"ஜான்சி, அது வந்து, கதைல..."

"தொற."

கட்டை விரலால் உதட்டைத் தூக்கினாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அமுக்கினாள்.

"செவப்பு," என்றாள். "நேத்து தேய்க்கல."